மேலே தேய்ந்த பூட்ஸ்

ஜெலுத்தோங், பினாங்கு
10 ஆகஸ்ட் 2025

உப்பும் அன்பும் சரிபாதி கலந்த ரூபினி அக்காவுக்கு,

தம்பி ஷர்வின் எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். நீ நலமா என்று அம்மா கேட்கச் சொன்னார்கள். நான் கேட்கவில்லை, கோபமாக இருக்கிறேன்.

கைப்பேசியை வாங்கி அலமாரியில் பூட்டி வைக்கும் பயிற்சி முகாம் இந்தக் காலத்திலும் லங்காவியில் இருக்கும் என்று யார் கண்டது? ஞாயிற்றுக்கிழமை ஹாஸ்டல் போனில் நீ கூப்பிடும் கொஞ்ச நேரத்தையும் அம்மாவே சாப்பிட்டு முடித்துவிடுகிறார்கள். அதனால் தபால்தலை வாங்கப் போனேன். கவுண்டரில் இருந்த அக்கா, "தம்பி, காதல் கடிதமா?" என்றார். "இல்லக்கா, கண்டனக் கடிதம்" என்றேன்.

கண்டனம் இதுதான். மூன்று வருஷமாக ஒரே கட்டமரன். நீ பின்னால் உட்கார்ந்து சுக்கான் பிடிப்பாய். நான் பாய்மரத்துக் கம்பியை இடுப்புக் கொக்கியில் மாட்டிக்கொண்டு, படகின் விளிம்பில் காலை ஊன்றி, தண்ணீருக்கு மேல் மல்லாந்து நிற்பேன். நீ என்னைத் 'தொங்கட்டான்' என்று கேலி செய்வாய். நானும் காதில் மாட்டின தொங்கட்டான் மாதிரி விழாமல் ஆடினேன். ஒரு நாளாவது விழுந்தேனா?

காஜா மொய்தீன் கோச் தஞ்சோங் பூங்கா கடற்கரைக்கு வந்தார், பார்த்தார். "தம்பிக்குக் கனம் பத்தாது, அக்கா மட்டும் போதும்" என்றார். நமக்குக் கனம் காட்ட ஈயக்கட்டி கட்டிக்கொண்டு ஓட்டினோமே, இப்போது ஈயத்துக்கும் எனக்கும் பதில் உனக்கு ஜோடி ஜெஃப்ரி. கெப்பாலா பத்தாஸ்காரனாம். அந்த ஊரில் நெல் வயல் இருக்கிறது, கடல் எங்கே இருக்கிறது? கோரைப் பாயில் படுத்து வளர்ந்தவனுக்குக் காற்றுப் பாய் எதற்கு?

ரெண்டு உடம்பு படகு கட்டமரன். மூணாவது உடம்பு வந்து ஒட்டிக்கொண்டால் ட்ரைமரன். நம் குடும்பத்தை ஜெஃப்ரி ட்ரைமரன் ஆக்கிவிட்டான். இதைத்தான் சொல்ல வந்தேன்.

நம் பழைய படகுக்கு இப்போது நான்தான் சுக்கான். பட்டர்வர்த் வனேசா கம்பியில் தொங்குகிறாள். தொங்குகிறாள் என்பதைவிட விழுகிறாள் என்பது பொருத்தம்.

இங்ஙனம்,
வேலை போன தொங்கட்டான்
ஷர்வின்


லங்காவி
24 ஆகஸ்ட் 2025

டேய் ஷர்வின்,

நலம். அம்மா அப்பாவிடம் சொல். நீ கேட்காவிட்டாலும் உனக்கும் சேர்த்து நலம்.

ஐந்தரைக்கு எழுப்பி ஓட விடுகிறார்கள். ஆறு ஜோடி இருக்கிறோம். நவம்பர் கடைசியில் தேர்வுப் பந்தயம். முதல் ரெண்டு ஜோடி தேசியக் குழுவுக்குப் போகும், மற்றவர்கள் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். ஜெஃப்ரி நல்ல பையன். குள்ளம், கனம், எப்போதும் பசி. காற்று திரும்பும் முன்பே அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. கோச் அதைத்தான் மெச்சிக்கொண்டே இருக்கிறார்.

ஒரு உதவி. இங்கே ஒருத்தருக்குக் கம்பியில் தொங்குவது புதுசு. கால் வழுக்குகிறது, அலை வந்தால் ஆட்டம் காண்கிறது. நீ எப்படி நிற்பாய் என்று கொஞ்சம் விவரமாக எழுது. விளையாட்டு வேண்டாம்.

உள்ளங்கை எல்லாம் காப்பு காய்த்துப்போய்விட்டது, அதனால் இவ்வளவுதான்.

அன்புடன்,
அக்கா


ஜெலுத்தோங்
2 செப்டம்பர் 2025

அருமை அக்காவுக்கு,

கும்பிடு. அம்மாவுக்கு முட்டி வலி, அப்பாவுக்கு ஓவர்டைம், எனக்கு வயிற்றெரிச்சல். மற்றபடி சுகம்.

'ஒருத்தருக்கு' என்று எழுதியிருக்கிறாய். பெயரைச் சொல்லக்கூட உனக்குக் கூச்சம். எனக்குத் தெரியாதா அந்த ஒருத்தர் யார் என்று? என் இடத்தையும் எடுத்துக்கொள்வான், என்னிடமே பாடமும் கேட்பான். வீட்டைப் பிடுங்கினவன் சாவி எங்கே என்று கேட்ட மாதிரி லா.

பரவாயில்லை, நான் பெரிய மனசுக்காரன். எழுதிக்கொள். ஒன்று, ரெண்டு பாதத்தையும் சேர்த்து ஒட்டி வைத்து நிற்க வேண்டும். அடுத்து, கண் எப்போதும் கால் விரலிலேயே இருக்க வேண்டும், அலையைப் பார்க்கவே கூடாது. காற்று பலமாக அடித்தால் உடனே படகின் மூக்குப் பக்கம் முன்னால் நகர வேண்டும். ஒருத்தரிடம் என் அன்பைச் சொல்லவும்.

நான் தினமும் ரெண்டு ரொட்டி சானாய் கூடுதலாகச் சாப்பிடுகிறேன். ஜெஃப்ரி சரிவரவில்லை என்றால் கோச்சுக்கு இன்னொரு ஆள் தேவைப்படும் இல்லையா? அப்போது கனம் பத்தாது என்று யாரும் சொல்லக் கூடாது.

கனத்த இதயத்துடனும் கனக்கப்போகும் வயிற்றுடனும்,
ஷர்வின்


லங்காவி
20 செப்டம்பர் 2025

அன்புத் தம்பிக்கு,

சுகம். அம்மாவின் முட்டிக்குத் தைலம் தேய்த்து விடு, கதை பேசாதே.

நீ எழுதின யோசனை ரொம்பப் பலன் கொடுத்தது. அந்த ஆள் இப்போது ஆடாமல் நிற்கிறார். நன்றி சொல்லச் சொன்னார்.

இன்னொரு சிக்கல் இருக்கிறது. வேகமாகப் போகும்போது படகின் மூக்கு அலையில் குத்தி, சட்டென்று நின்றுவிடுகிறது. கம்பியில் இருப்பவர் முன்னால் பறந்து போய் முன்பாயைச் சுற்றிக்கொள்கிறார். உன்னோடு எத்தனை தடவை மூக்கு குத்தியிருப்போம்? நீ ஒரு தடவைகூடப் பறந்ததில்லை. எப்படிடா?

நீ சுக்கான் பிடிப்பதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையே. பிடித்திருக்கிறதா?

அக்கா


ஜெலுத்தோங்
28 செப்டம்பர் 2025

அக்காவுக்கு,

சுகமா என்று கேட்டு எழுத ஆரம்பிப்பது மரபு. மரபைக் காப்பாற்றிவிட்டேன்.

பலன் கொடுத்ததா? எப்படிப் பலன் கொடுக்கும்? நன்றாக யோசித்துப் பார்த்தாயா? பாதத்தை ஒட்டி வைத்தானா? விரலைப் பார்த்தானா? அந்த யோசனையில் ஒருத்தன் ஆடாமல் நிற்கிறான் என்றால் அவன் ஆள் இல்லை, அய்யனார் சிலை.

நான் ஏன் பறக்கவில்லை என்று கேட்கிறாய். அது பிறவியிலேயே வருவது. சிலருக்குக் குரல், சிலருக்குக் கணக்கு, எனக்குக் கால். ஆனாலும் கேட்டதால் சொல்கிறேன். மூக்கு குத்தும்போது உடம்பைத் தொளதொளவென்று விட்டுவிட வேண்டும். கையில் இருக்கும் கயிற்றையும் விட்டுவிட வேண்டும். கண்ணை மூடிக்கொள்வது உத்தமம்.

சுக்கான் பிடித்திருக்கிறது. மன்னிக்கவும், சுக்கானைப் பிடித்திருக்கிறேன். பின்னால் உட்கார்ந்தால் ராஜா மாதிரி இருக்கிறது. இத்தனை நாள் இந்த நாற்காலியை எனக்குக் காட்டாமலே வைத்திருந்தாயே. வனேசா மட்டும் மூக்கு குத்தும்போதெல்லாம் ராக்கெட். "பிறவிக் கால் வேணும் லா" என்று சொல்லி வைத்தேன். ஈரக் கையுறையால் முதுகில் ஒன்று வைத்தாள்.

தீபாவளிக்கு வருவாய்தானே? அம்மா முறுக்குக்கு மாவு அரைத்தாயிற்று.

ராஜா
ஷர்வின்


லங்காவி
18 அக்டோபர் 2025

ஷர்வின்,

எல்லாருக்கும் தீபாவளி வாழ்த்து. நான் வரவில்லை. கோச் ஒரு நாள் விடுப்பு கொடுத்தார், நான்தான் வேண்டாம் என்றேன். அம்மாவிடம் பயிற்சி என்று சொல். கையெழுத்து கோணலாக இருக்கும். மணிக்கட்டில் கொஞ்சம் வீக்கம். உதட்டிலும் சின்னத் தையல், பேசத்தான் சிரமம். எழுதுவதற்கு உதடு வேண்டாம் என்பது ஒரு வசதி.

உனக்கு ஒரு ரகசியம். நீ எழுதியதை எல்லாம் தலைகீழாகத்தான் செய்தோம். பதினைந்து வருஷமாக உன்னைத் தெரியாதா எனக்கு? சர்க்கரை டப்பாவில் உப்பு, என் பிறந்தநாள் கேக்கில் மயோனிஸ், அப்பாவின் மோட்டோ சீட்டில் முட்டை. 'ஒட்டு' என்றால் அகட்டு. 'விரலைப் பார்' என்றால் அலையைப் பார். 'முன்னால் போ' என்றால் பின்னால் வா. அத்தனையும் சரியாக வந்தது. நன்றிடா, தலைகீழ் வாத்தியாரே.

கடைசி யோசனை மட்டும் உதவவில்லை. தொளதொளவென்று விடாமல் விறைப்பாக, கயிற்றை இறுக்கிப் பிடித்தால், அதே கயிறு முகத்தில் அறைகிறது.

இங்கே காற்று மாறிவிட்டது. வடகிழக்கிலிருந்து சரியாக அடிக்கிறது. மூக்கு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போவது முழங்காலுக்குப் பக்கத்திலேயே தெரிகிறது. பச்சைக் கண்ணாடி உடைகிற மாதிரி. இத்தனை வருஷம் இதை நான் பார்த்ததே இல்லை.

அக்கா


ஜெலுத்தோங்
26 அக்டோபர் 2025

அக்கா,

நீ இல்லாத தீபாவளி ஒரு மாதிரி போனது. உன் பங்கு முறுக்கை நான் தின்றேன். வயிறு சரியில்லை. அதைவிட வேறு ஒன்று சரியில்லை.

நேற்று வனேசாவோடு கடலுக்குப் போனேன். மூக்கு குத்தியது, அவள் பறந்தாள், படகு கவிழ்ந்தது. நிமிர்த்தி ஏறினதும் என்னைப் பார்த்துக் கேட்டாள்: "ஒங்க அக்கா காலை வைப்பாங்களே. நீ ஏன் வைக்க மாட்டேங்கிற?"

எந்தக் கால் என்றேன். அவள் என்னைப் பைத்தியம் மாதிரி பார்த்தாள். அவள் வேறு படகில் நமக்குப் பக்கத்தில் ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில் எப்போதும் பார்ப்பாளாம். காற்று கூடினதும் நீ ஒரு காலை நீட்டி, என் பின்கால் பாதத்தின் மேல் குதிகாலை அழுத்தி வைத்துக்கொள்வாயாம். ஆணி அடித்த மாதிரி. அவளுக்குத் தெரிந்திருக்கிறது. மேலே வைத்த கால் எனக்குத் தெரியவில்லை. காற்றும் தண்ணீரும் அறைகிற நேரத்தில் ஒரு குதிகாலை யார் கவனிப்பார்கள்?

திரும்பவும் போனோம். அவள் பாதத்தின் மேல் என் குதிகாலை வைத்தேன். மூக்கு குத்தியது. அவள் பறக்கவில்லை. என் தொடைதான் பிய்ந்துவிடும் போல இழுத்தது.

ஆக, பிறவிக் கால் எனக்கு இல்லை. உன் கால்தான் என் கால்.

ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோதுதான் மற்றதெல்லாம் ஒவ்வொன்றாக வந்தது. உள்ளங்கையில் காப்பு. உதட்டில் தையல். முழங்காலுக்குப் பக்கத்தில் தண்ணீர் கிழிகிறது என்று எழுதினாயே, சுக்கான் பிடிக்கிறவர் உட்காரும் இடத்திலிருந்து அது தெரியாது. இப்போது அங்கே உட்காருவது நான், எனக்குத் தெரியும். அக்கா, அந்த 'ஒருத்தர்' யார்?

சொல்ல வேண்டாம். ஜெஃப்ரியிடம் மட்டும் சொல். காற்று கூடினதும் அவன் குதிகாலை உன் பின்கால் மேல் அழுத்தி வைக்க வேண்டும். அவனுக்குக் கனம் இருக்கிறது, நன்றாகவே நிற்கும். இது உண்மை. சத்தியமாக உண்மை.

நான் சத்தியம் செய்தால் நீ சிரிப்பாய் என்று இப்போதுதான் உறைக்கிறது. தயவுசெய்து தலைகீழாக்காதே.

ஷர்வின்


லங்காவி
6 நவம்பர் 2025

டேய் வாலு,

சுகம். தையல் பிரித்தாகிவிட்டது. இந்தத் தடவை சத்தியம் எல்லாம் செய்து நன்றாகத்தான் நடித்திருக்கிறாய். வனேசாவையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டாயா?

நான் உன் காலை மிதித்துக்கொண்டா மூன்று வருஷம் படகு ஓட்டினேன்? எனக்கே தெரியாமலா? உன் கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் படித்துக் காட்டினேன், ஜெஃப்ரிக்குக் குடித்துக்கொண்டிருந்த மைலோ மூக்கில் ஏறிவிட்டது. சுக்கான் பிடிப்பவர் கால் எப்போதும் தன் பக்கம் மடங்கி இருக்க வேண்டும் என்று கோச்சும் சொல்கிறார். அதனால் தலைகீழ் விதிப்படி, காலைக் கிட்டேயே கொண்டுவரக் கூடாது என்று ஜெஃப்ரியிடம் சொல்லியாயிற்று.

அந்த ஒருத்தர் யாராக இருந்தால் உனக்கென்ன?

நாங்கள் இப்போது மூன்றாவது இடத்தில் இருக்கிறோம். இந்த வாரத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை போனும் கிடையாது, கடிதமும் கிடையாது. வீட்டிலிருந்து பலகாரப் பார்சல் வந்தால் மட்டும் கொடுப்பார்கள், கோச்சுக்கும் நாக்கு இருக்கிறதே. மூன்றாவதாகவே முடிந்தால் டிசம்பர் முதல் வாரம் வீட்டில் இருப்பேன். பழைய படகைக் கழுவி வை. உன் ராஜா நாற்காலியைக் காலி செய்ய வேண்டியிருக்கும்.

அக்கா


ஜெலுத்தோங்
13 நவம்பர் 2025

அக்கா,

நலம், நலம், நலம். நாலாவது நலம் உனக்கு இருக்கட்டும்.

ஹாஸ்டலுக்குப் போன் செய்தேன். வார்டன் என் பெயரைக் கேட்டதும், "நீதானே அந்தத் தம்பி" என்று வைத்துவிட்டார். என் புகழை நீ அங்கே நன்றாகப் பரப்பியிருக்கிறாய்.

ரெண்டு நாளாக யோசித்தேன். நான் ஒன்றுமே செய்ய வேண்டாம். நீ மூன்றாவது வருவாய், ஜெஃப்ரி கெப்பாலா பத்தாஸுக்குப் போவான், நீ வீட்டுக்கு வருவாய். நீ பின்னால், நான் முன்னால். நான் கேட்டது அதுதான். ரொட்டி சானாய் தின்றது அதற்குத்தான்.

கடிதம் கொடுக்க மாட்டார்களாம், அதனால் இது பலகாரப் பார்சலில் வருகிறது. முறுக்கு டின்னைத் திற. மேலே ரெண்டு அடுக்கு முறுக்கு, அது கோச்சுக்கு. அடியில் என் பூட்ஸ். பொய் எழுதின கைதான் என் கை. பூட்ஸுக்குப் பொய் எழுதத் தெரியாது.

அடிப்பக்கத்தைப் பார்க்காதே, அடி எல்லாருக்கும் தேயும். மேலே பார். ரெண்டிலும், கட்டைவிரலுக்குப் பின்னால். பக்கம் மாறி நின்றால் பின்காலும் மாறுமே. கறுப்பு ரப்பர் வட்டமாக வெளுத்துப்போயிருக்கிறது. பூட்ஸ் மேலே தேயுமா, அக்கா? அந்த வட்டத்தில் உன் குதிகாலை வைத்துப் பார். பிறகு ஜெஃப்ரியைக் கூப்பிடு.

நம் ரெண்டு பேருக்கும் ஒரே அளவுதான், சின்ன வயதிலிருந்து சண்டை போட்டிருக்கிறோம். நீயே போட்டுக்கொள்.

நீ தோற்று வந்தால் எனக்குச் சந்தோஷம்தான். வராதே.

ஷர்வின்


லங்காவி
1 டிசம்பர் 2025

அன்புத் தம்பி ஷர்வினுக்கு,

நலம். எல்லா விரலும், எல்லாப் பல்லும் நலம். முறுக்கு கோச்சுக்குப் போய்ச் சேர்ந்தது. மீதியை ஜெஃப்ரி பார்த்துக்கொண்டான்.

டின்னில் பூட்ஸைப் பார்த்ததும் உள்ளே ஏதாவது தவளை இருக்கும் என்று கம்பால் குத்தினேன். தவளை இல்லை. கடிதத்தைப் படித்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ஒரு பூட்ஸைத் தரையில் வைத்து, மேலே குதிகாலை வைத்தேன். அளவெடுத்துச் செய்த மாதிரி உட்கார்ந்தது. அப்போதுதான் ஞாபகம் வந்தது. முதல் வருஷம் நீ ரொம்பச் சின்னப் பையன், ஒல்லி. ஒரு நாள் பெரிய அலை, நீ பறந்துவிடுவாய் என்று பயந்து மிதித்தேன். அதற்குப் பிறகு கால் தானாகப் போயிருக்கிறது. எனக்குத் தெரியாமல்தான்.

கம்பியில் தொங்கினது நான்தான். வந்த முதல் வாரமே கோச் மாற்றிவிட்டார். ஜெஃப்ரி சுக்கான், நான் முன்னால். நெட்டையாக இருப்பவள் கம்பிக்குத்தான் லாயக்கு என்றார். வீட்டில் சொல்லியிருக்கலாம். உனக்குச் சொல்லத்தான் வாய் வரவில்லை. மூன்று வருஷம் தொங்கட்டான் என்று உன்னைக் கேலி செய்தவள் ஆயிற்றே. சுக்கான் ராஜா மாதிரி இருக்கிறது என்று நீ எழுதின அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. என் படகு, என் இடம், நீ அதில் உட்கார்ந்துகொண்டு ஜோக் எழுதுகிறாய். பொறாமை உனக்கு மட்டும் சொந்தம் என்று நினைக்காதே.

கடைசிப் பந்தயத்தில் ரெண்டாவது வளைவு தாண்டினதும் மூக்கு குத்தியது. நாங்கள்தான் முன்னால் இருந்தோம். படகு அப்படியே நின்றது, பாய் முழுக்கத் தண்ணீர். நான் பறக்கவில்லை. பாதத்தின் மேல் ஒரு அரிசி மூட்டை இருந்தது. ஜெஃப்ரி கத்தினது மட்டும் கேட்டது: "அக்கா, நகராதீங்க. நான் மிதிச்சிருக்கேன்."

அந்தப் பந்தயத்தில் முதல். மொத்தத்தில் ரெண்டாவது. நான் இங்கேயே இருக்கிறேன்.

பூட்ஸைத் திருப்பித் தர மாட்டேன். மேலே இன்னொரு வட்டம் விழ ஆரம்பித்திருக்கிறது. பெரிசு.

இப்படிக்கு,
தொங்கட்டான் அக்கா


ஜெலுத்தோங்
8 டிசம்பர் 2025

தேசியத் தொங்கட்டான் அவர்களுக்கு,

வீட்டில் எல்லாரும் தரையில் இல்லை. அம்மா உன் செய்தியைப் பாசார் முழுக்கச் சொல்லி, மீன்காரரிடம் ஒரு கெம்போங் மீன் இலவசமாக வாங்கி வந்தார்கள். அப்பா மோட்டோவை ரெண்டு தடவை கழுவினார்.

வனேசா புதுப் பூட்ஸ் வாங்கினாள். மேலே இப்போதே லேசாக ஒரு வெளுப்பு. என் குதிகால் அளவுதான். நான் நன்றாகப் பார்த்துவிட்டேன்.

ஜெஃப்ரியிடம் என் அன்பைச் சொல். இந்தத் தடவை நிஜமான அன்பு, தலைகீழாக்கிச் சொல்லிவிடாதே. கூடவே ஒரு வார்த்தை. அவன் குதிகாலைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல். பூட்ஸில் இடம் நிறைய இருக்கிறது.

பழைய வட்டத்தின் மேல் வைக்க வேண்டாம். அந்த இடத்துக்கு ஏற்கெனவே ஆள் உண்டு.

நலம். நலமறிய ஆவல். இந்தத் தடவை அம்மா கேட்கச் சொல்லவில்லை.

தம்பி
ஷர்வின்